வலிக்கும் இடம் எது?

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து, மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்கள் யாவும் ஒரு கலையில் தேர்ச்சி பெற்றுவிடுகின்றன. அரைகுறை மொழியைக் கொண்டு முழு வாழ்க்கை நடத்தும் கலையே அது. காய்கறிக் கடையில் பேரம் பேச ஐம்பது சொற்கள் போதும். அஞ்சலகத்திலும் வங்கியிலும் கைச்சாடையும் புன்னகையும் பாதி வேலையை முடித்துவிடும். பள்ளி ஆசிரியரிடம் பேசப் பிள்ளைகளே துணைக்கு வருவர். ஆனால் ஓரிடத்தில் மட்டும் இக்கலை நம்மைக் கைவிட்டுவிடுகிறது. அது மருத்துவரின் அறை.

“எங்கே வலிக்கிறது?” என்று மருத்துவர் கேட்கிறார். எந்த நாட்டு மருத்துவரும் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று அது. அதற்குச் சரியான விடை கிடைத்தால் நோயின் முகவரியில் பாதி கிடைத்துவிட்டது என்றே கொள்ளலாம். விடை பிசகினாலோ, கடிதம் வேறு ஊருக்குப் போய்ச் சேருகிறது.

நான் மருத்துவன் அல்லன். இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிபவன். பத்தாம் வகுப்புத் தேறியதோடு என் பள்ளிக் கல்வி நின்றது. எனினும், நம் குடும்பங்களுக்கு மொழித்துணையாகப் பல முறை மருத்துவமனைகளுக்குச் சென்று வந்தவன் என்ற முறையிலும், அவ்வழக்கத்தினால் உடற்கூற்று நூல்களைத் தேடிப் படித்தவன் என்ற முறையிலும், உடலின் திசைகளையும் உள்ளறைகளையும் பற்றி நான் அறிந்துகொண்டவற்றை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மூவர், மூன்று மொழிகள்

ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி “அள்ளை குத்துகிறது” என்கிறாள். விலாவை ஒட்டிய பக்கவாட்டுப் பகுதிக்கு நம் மக்கள் வழங்கும் பெயர் அது. உடன் செல்லும் பேரனோ இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அள்ளை என்ற சொல்லை அவன் கேட்டதே இல்லை. மருத்துவருக்குத் தமிழே தெரியாது. ஆகவே பேரன் தனக்குத் தோன்றியவாறு “பேட் மே தர்த்” என்று சொல்லிவிடுகிறான். பாட்டி குறித்தது சிறுநீரகம் இருக்கும் பக்கம். மருத்துவர் காதில் விழுந்தது வெறும் ‘வயிற்று வலி’.

பிடரி, குறுக்கு, நெஞ்சுக்குழி, மேல்வயிறு, அடிவயிறு, விலா, கெண்டைக்கால் என்று உடலின் ஒவ்வோர் இடத்திற்கும் நம் மொழியில் துல்லியமான சொற்கள் உள்ளன. வெளி மாநிலத்தில் வளரும் பிள்ளைகளிடம் இவை மெல்ல மறைந்து, தலை, வயிறு, கை, கால் என்ற நான்கு சொற்களே எஞ்சி நிற்கின்றன. நோயுற்ற முதியவருக்கும் மருத்துவருக்கும் இடையே பாலமாக நிற்க வேண்டியவர்கள் அப்பிள்ளைகளே என்பதை எண்ணிப் பார்த்தால், இஃது அற்பமான இழப்பு அன்று என்பது விளங்கும்.

அன்றியும், நாம் அரைகுறையாகக் கற்றுள்ள மொழிகளிலும் கண்ணிகள் உண்டு. இந்தியில் ‘பேட்’ என்பது வயிறு. ‘பீட்’ என்பது முதுகு. அவசரத்தில் நம் நாவில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். இடம் வலம் குறிக்கும் சொற்களின் கதை இதனினும் வேடிக்கையானது. இந்தியில் ‘தாயா’ என்றால் வலப்பக்கம், ‘பாயா’ என்றால் இடப்பக்கம். வங்க மொழியில் ‘டான்’ என்பது வலப்பக்கம். மராத்தியிலோ ‘டாவா’ என்பது இடப்பக்கம். வலப்பக்கத்திற்கு ‘உஜ்வா’ என்பர். கொல்கத்தாவிலிருந்து மும்பைக்கு மாற்றலாகி வந்த ஒரு குடும்பம், பழைய பழக்கத்தில் ஒலியை மட்டும் நம்பினால் வலம் இடமாகிவிடும். ஆகவே நோயிடத்தைச் சொல்லும்போது வாய்ச் சொல்லோடு நில்லாமல், நோயாளியே தன் விரலால் தொட்டுக் காட்டுவது முதல் விதியாகும்.

திசைகள் யாருடையவை?

இரயில் பாதையில் ‘அப்’ என்றும் ‘டவுன்’ என்றும் இரு திசைகள் உண்டு என்பதை இரயில்வே குடியிருப்புச் சிறுவர்களும் அறிவர். வண்டியில் அமர்ந்திருப்பவர் எப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் ‘அப்’ பாதை ‘டவுன்’ பாதையாகிவிடுவதில்லை. மருத்துவ நூலாரும் மனித உடலுக்கு இத்தகைய மாறாத முறை ஒன்றை வகுத்துள்ளனர்.

ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். அவர் முகம் நேர் முன்னே நோக்குகிறது. பாதங்கள் அருகருகே முன்னோக்கி இருக்கின்றன. கைகள் இருபுறமும் தொங்க, உள்ளங்கைகள் முன்பக்கம் திரும்பியிருக்கின்றன. இதனை ‘உடற்கூற்று நிலை’ என்பர். நோயாளி கட்டிலில் மல்லாந்து கிடந்தாலும், குப்புறப் படுத்தாலும், ஒருக்களித்திருந்தாலும், அவர் இந்நிலையில் நிற்பதாகவே பாவித்து மருத்துவர் திசைகளைக் குறிப்பார்.

இந்நிலையில் முகமும் மார்பும் இருக்கும் பக்கம் முன்புறம். அதனை ‘ஆன்டீரியர்’ என்று மருத்துவ அறிக்கைகளில் காணலாம். முதுகுப் பக்கம் ‘போஸ்டீரியர்’. தலையை நோக்கிய திசை ‘சுபீரியர்’. பாதத்தை நோக்கிய திசை ‘இன்ஃபீரியர்’. இங்கே சுபீரியர் என்பதற்கு உயர்ந்தது என்றோ, இன்ஃபீரியர் என்பதற்கு மட்டமானது என்றோ பொருள் கொண்டு அஞ்ச வேண்டுவதில்லை. மேலே, கீழே என்பதே பொருள். உச்சந்தலையிலிருந்து இரு கால்களின் நடுவே வரை ஒரு நூல் பிடித்தாற்போல் உடலை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டை நோக்கியது ‘மீடியல்’. அதனின்றும் விலகிப் பக்கவாட்டில் செல்வது ‘லேட்டரல்’. மூக்கு கண்ணுக்கு மீடியல். காது கண்ணுக்கு லேட்டரல்.

கை கால்களைக் குறிக்கும்போது மட்டும் வேறு இரு சொற்கள் வரும். தோளை ஒரு சந்திப்பு நிலையமாகவும், கையை அங்கிருந்து பிரியும் கிளைப்பாதையாகவும் கருதுங்கள். சந்திப்புக்கு அருகில் உள்ளது ‘பிராக்சிமல்’. தொலைவில் உள்ளது ‘டிஸ்டல்’. முழங்கை மணிக்கட்டுக்குப் பிராக்சிமல். விரல் நுனி மணிக்கட்டுக்கு டிஸ்டல். காலுக்கு இடுப்பு மூட்டே சந்திப்பு. எலும்பு முறிந்தவரின் அறிக்கையில் ‘டிஸ்டல் ரேடியஸ்’ என்றிருந்தால், முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பு மணிக்கட்டை அடுத்த முனையில் முறிந்திருக்கிறது என்று பொருள். கையை ஊன்றி விழும் முதியோர்க்குப் பெரிதும் முறிவது அவ்விடமே.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்று. வலம், இடம் என்பவை எப்போதும் நோயாளியின் வலமும் இடமுமே. எதிரில் நிற்பவருடையவை அல்ல. மார்பின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில், நோயாளி நம்மை நோக்கி நிற்பது போலவே அது வைக்கப்படும். ஆகவே இதயம் நம் வலக்கைப் பக்கமாகச் சாய்ந்து தோன்றும். அதைக் கண்டு, இதயம் இடம் மாறிவிட்டதென்று கலங்க வேண்டுவதில்லை. படத்தின் ஓரத்தில் உள்ள ஆங்கில ‘ஆர்’ அல்லது ‘எல்’ எழுத்து நோயாளியின் வல இடப் பக்கத்தைக் காட்டும். மெய்யாகவே உள்ளுறுப்புகள் யாவும் கண்ணாடிப் பிம்பம் போல் இடம் வலமாக மாறிப் பிறப்போரும் உண்டு. சுமார் 10,000 பேரில் ஒருவர் அவ்வாறு பிறப்பதாகக் கணக்கிடுகின்றனர். சி.டி. ஸ்கேன் குறுக்குவெட்டுப் படங்களையும், நோயாளியின் பாதத்தருகே நின்று தலையை நோக்கிப் பார்ப்பது போலவே அமைப்பர். அங்கும் அவருடைய வலம் நம் இடப்பக்கத்தில் அமையும்.

உடலின் அறைகள்

இனி உள்ளே நுழைவோம். நம் உறுப்புகள் ஒரு மூட்டையில் திணிக்கப்பட்ட பொருள்கள் போல் கிடக்கவில்லை. சுவர்களும் கதவுகளும் உள்ள ஒரு வீட்டில் போல், தனித்தனி அறைகளில் வைக்கப்பட்டுள்ளன. பின்புறத்தில் இரண்டு: மூளை இருக்கும் மண்டையோட்டுக் குழி, அதனோடு தொடர்ந்து கீழிறங்கும் முதுகெலும்புக் குழல். முன்புறத்தில் இரு பெரும் பகுதிகள்: மேலே மார்புக் குழி, கீழே வயிற்றுக் குழியும், அதன் அடித்தளமாகிய இடுப்பெலும்புக் குழியும்.

ஒவ்வோர் அறைக்கும் சுவர் வேறு. சுவர் வேறாகையால் அபாயமும் வேறு. மண்டையோட்டுச் சுவர் எலும்பினால் ஆனது. அது விரிந்து கொடுக்காது. மூளையும், இரத்தமும், மூளையைச் சூழ்ந்த நீரும் அதனுள் நிரம்பியிருக்கின்றன. வளர்ந்தவர் ஒருவருக்கு அந்நீர் சுமார் 150 மில்லிலிட்டர். அவ்வறையில் சிறிதளவு இரத்தம் கசிந்தாலும் ஒதுங்க இடமில்லாமையால் மூளை நசுங்கும். தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து விளையாடினாலும், பின்னர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாத உறக்கத்தில் ஆழ்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமென்பது இதனாலேயே. வயிற்றின் சுவரோ தசையினால் ஆனது, விரிந்து கொடுக்கும். விபத்தில் வயிற்றினுள்ளே பெருமளவு இரத்தம் பெருகினாலும் வெளியே காயம் தெரியாமல் இருக்கலாம். முன்னதில் இடமின்மையே பகை. பின்னதில் இடம் மிகுந்திருப்பதே பகை.

முதுகெலும்புக் குழலைப் பற்றியும் ஒரு சொல். தண்டுவடம் அக்குழலின் அடிவரை செல்வதில்லை. வளர்ந்தவர்க்கு இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது அல்லது இரண்டாவதன் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. முதுகில் ஊசியிட்டு நீர் எடுக்க வேண்டுமென்றால், அதற்கும் கீழே, பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது முள்ளெலும்புகளின் இடையிலோ அதனை அடுத்த இடைவெளியிலோதான் ஊசி நுழைப்பர். ஆகவே “முதுகில் ஊசி போட்டால் தண்டுவடம் அறுந்துவிடும்” என்ற அச்சத்தால், மூளைக்காய்ச்சல் ஐயத்தின்போது அச்சோதனைக்குத் தடை சொல்வது தகாது.

மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள தசைத் தடுப்பை நம் நூல்கள் உதரவிதானம் என்று அழகாக அழைக்கின்றன. உதரம் என்றால் வயிறு. விதானம் என்றால் மேற்கட்டி. வயிற்றின் மேல் கட்டிய பந்தல் என்பது பொருள். சாதாரணமாக மூச்சை இழுக்கையில் அப்பந்தல் சுமார் 1 முதல் 2 சென்டிமீட்டர் கீழிறங்கும். அது தட்டையானது அன்று. கவிழ்த்த கிண்ணம் போல் மேலெழும்பியது. வலப்பக்கத்தில் கல்லீரலின் மேல் அமர்ந்திருப்பதால் அங்கு இன்னும் சற்று உயர்ந்திருக்கும். எனவே விலா எலும்புக் கூட்டுக்குள் இருப்பனவெல்லாம் மார்பு உறுப்புகள் அல்ல. கல்லீரல், மண்ணீரல், இரைப்பையின் மேற்பகுதி ஆகிய வயிற்று உறுப்புகளும் கீழ் விலாக்களின் காவலிலேயே உள்ளன.

மார்புக் குழிக்குள்ளும் உள்ளறைகள் உண்டு. வலப்பக்கம் ஒரு நுரையீரல், இடப்பக்கம் ஒரு நுரையீரல். நடுவே இதயமும், பெருங்குழாய்களும், மூச்சுக்குழலும், உணவுக்குழலும் அமைந்த நடுப்பகுதி. இதயம் இடப்பக்கத்தில் இருப்பதாகச் சொல்வது வழக்கம். மெய்யில் அது நடுவே அமைந்து, ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இடப்புறமாகச் சாய்ந்திருக்கிறது.

வயிற்றுக் குழியின் அடித்தளமாகிய இடுப்பெலும்புக் குழியில் சிறுநீர்ப்பையும், மலக்குடலும், பெண்களுக்குக் கருப்பையும் உள்ளன. இவற்றுள் சில இடம் மாறும் குடிகள். சிறுநீர்ப்பை நிரம்பினால் மேலே வயிற்றுப் பகுதிக்கு எழும்பும். கருவுற்ற கருப்பை சுமார் 12ஆம் வாரத்தில் இடுப்பெலும்புக் குழியைக் கடந்து மேலே தென்படத் தொடங்கி, சுமார் 20ஆம் வாரத்தில் தொப்புள் மட்டத்தை எட்டும். செவிலியர் கையால் தொட்டே மாதக் கணக்கை மதிப்பிடுவது இவ்வாறுதான்.

இரட்டைச் சவ்வும் வலியின் இயல்பும்

நுரையீரல், இதயம், வயிற்று உறுப்புகள் ஆகியவற்றின் அறைகள் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய சவ்வு உறை உண்டு. அதன் வெளி மடிப்பு அறையின் சுவரை ஒட்டியிருக்கும். உள் மடிப்பு உறுப்பை ஒட்டியிருக்கும். இரண்டிற்கும் இடையே வெற்றிடமில்லை. உராய்வைத் தடுக்கும் சிறிதளவு நீரே உண்டு. அந்நீர் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்தால் ‘நுரையீரல் உறையில் நீர்’ என்றும், வயிற்றில் சேர்ந்தால் மகோதரம் என்றும் சொல்கிறோம்.

வலியை அறிவதற்கு இச்சவ்வுகளே திறவுகோல். வெளி மடிப்புக்கு உடற்சுவரின் நரம்புகள் வருகின்றன. அங்கே எழும் வலியை “இதோ, இங்கே” என்று ஒரு விரலால் காட்டலாம். உள் மடிப்புக்கும் உறுப்புகளுக்கும் வரும் நரம்புகள் வேறு வகையின. அங்கே எழும் வலி மந்தமானது, இடம் தெளியாதது. நோயாளி உள்ளங்கையால் வயிற்றைத் தடவிக் காட்டுவாரேயன்றி, விரல் வைத்துக் காட்டமாட்டார்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு குடல்வால் அழற்சி. எங்கள் குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு இரவில் தொப்புளைச் சுற்றி வலி கண்டது. தந்தை வண்டியோடு வெளியூர் சென்றிருந்தார். அஜீரணம் என்றெண்ணிய பெரியவர்கள் விளக்கெண்ணெய் கொடுக்க முனைந்தனர். அடுத்த வீட்டு அம்மையார் ஒருவர், முன்னாளில் செவிலியாக இருந்தவர், அதைத் தடுத்து, விடியும்வரை நாழிகைக்கு ஒரு முறை “இப்போது வலி எங்கே?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். விடியற்காலையில் சிறுவன் வலப்பக்க அடிவயிற்றில் விரலை வைத்தான். “வலி நகர்ந்துவிட்டது, புறப்படுங்கள்” என்றார் அம்மையார். மருத்துவரிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “இரவில் நாபியைச் சுற்றி இருந்தது, இப்போது வலப்பக்கம் கீழே.” அன்று நண்பகலுக்குள் அறுவை நடந்து சிறுவன் பிழைத்தான்.

அவ்வலி நகர்ந்ததன் காரணத்தை இப்போது நாம் அறிவோம். குடல்வால் வீங்கும்போது முதலில் உறுப்பின் நரம்புகள் முறையிடுகின்றன. அவ்வலி தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தெரியும். அழற்சி பரவிச் சுவரை ஒட்டிய வெளி மடிப்பைத் தொட்டதும் உண்மையான இடம் வெளிப்படுகிறது. தொப்புளுக்கும் வலப்பக்க இடுப்பெலும்பின் முன்முனைக்கும் ஒரு கோடு இழுத்து, எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் புள்ளி வைத்தால் அதுவே அவ்விடம். நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மக்பர்னி 1889இல் இதனை விவரித்தமையால், இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இத்தகைய வலியின்போது பேதி மருந்து கொடுத்தலாகாது; வீங்கிய குடல்வால் வெடிக்க அஃது ஏதுவாகலாம். வலி திடீரென்று நின்றுவிட்டாலும் மகிழ்ந்துவிடக் கூடாது. வெடித்ததன் அறிகுறியாகவும் அஃது இருக்கக்கூடும்.

வயிற்றின் ஒன்பது கட்டங்கள்

வயிற்றின் மேல் நெடுக்கே இரு கோடுகளும் குறுக்கே இரு கோடுகளும் இழுத்தாற்போல் எண்ணிக்கொண்டால் ஒன்பது கட்டங்கள் கிடைக்கும். நடுக்கட்டம் தொப்புள். அதற்கு மேலே நெஞ்சுக்குழி, கீழே அடிவயிறு. மேல்வரிசையின் வலக்கட்டத்தில் கல்லீரலும் பித்தப்பையும். இடக்கட்டத்தில் மண்ணீரலும் இரைப்பையின் பகுதியும். நடுவரிசையின் இருபுறமும் அள்ளைகள். அவற்றின் பின்னே சிறுநீரகங்கள். கீழ்வரிசையின் வலக்கட்டத்தில் குடல்வால். இடக்கட்டத்தில் பெருங்குடலின் கடைசி வளைவு. மருத்துவர் பலர் இதனையே நான்கு பகுதிகளாகச் சுருக்கி, வலமேல், இடமேல், வலக்கீழ், இடக்கீழ் என்பர்.

சிறுநீரகங்கள் வயிற்றுச் சவ்வுக்கும் பின்னால், முதுகை ஒட்டி அமைந்தவை. வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஆதலால் சிறுநீரகக் கல்லின் வலி பெரும்பாலும் முதுகுப்புற அள்ளையில் தொடங்கித் தொடையிடுக்கை நோக்கி இறங்கும். முன்சொன்ன பாட்டியின் சொல் எவ்வளவு பொருள் பொதிந்தது என்பது இப்போது புலனாகும்.

வேற்றிடத்தில் அழும் வலி

நோய் ஓரிடத்திலும் வலி வேறிடத்திலும் தோன்றுவதும் உண்டு. உதரவிதானம் கரு வளரும் நாளில் கழுத்துப் பகுதியில் தோன்றிப் பின்னர் கீழிறங்குவது. இறங்கும்போது தன் நரம்பையும் உடன் இழுத்து வருகிறது. அந்நரம்பு இன்றும் கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரம்பு வேர்களிலிருந்தே புறப்படுகிறது. ஆகவே உதரவிதானத்தின் அடியில் சீழோ இரத்தமோ தேங்கி அதனை உறுத்தினால், தோள்முனையில் வலி எடுக்கும். ஊரை விட்டு வந்து நெடுநாளாகியும், துன்பம் வந்தால் ஊரை நினைத்து அழும் நம்மைப் போன்றதே அதுவும்.

இதயத்தின் வலியோ இடக்கையிலும், தாடையிலும், சிற்சில வேளைகளில் நெஞ்சுக்குழியிலும் தோன்றும். நம் வீடுகளில் அதனை ‘வாயு’ என்று சொல்லி, இஞ்சிச் சாறும் ஓமத் தண்ணீரும் கொடுத்து இரவைக் கழிப்பதுண்டு. நெஞ்சு அழுத்தத்தோடு வியர்வையும், மூச்சுத் திணறலும், கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும் சேர்ந்தால் அது வாயு என்று நாமே தீர்ப்பளிக்கலாகாது. நீரிழிவு உள்ளவர்க்கும் முதியோர்க்கும் வலி குறைவாகவே இருந்து, திணறலும் சோர்வும் மட்டுமே தோன்றுவதும் உண்டு. அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைத்து, உடனே மருத்துவமனைக்குச் செல்வதே அறிவுடைமை.

சொற்கள் வந்த வழி

மேலே கண்ட திசைச் சொற்களுள் பெரும்பாலானவை இலத்தீன் மொழியில் வேர்கொண்டவை. ஆன்ட்ரியாஸ் வெசாலியஸ் என்னும் அறிஞர் உடலை அறுத்துக் கண்டவற்றைப் படங்களோடு விளக்கிய பெருநூல் 1543இல் பாசல் நகரில் அம்மொழியிலேயே வெளிவந்தது. பின்னர் ஒரே உறுப்புக்குப் பல நாட்டினர் பல பெயர்களை வைத்துக் குழப்பம் மிகுந்தது. 1895இல் அதே பாசல் நகரில் கூடிய உடற்கூற்று அறிஞர்கள் பொதுப் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஏற்றுக்கொண்டனர். இன்று டோக்கியோவில் எழுதிய அறிக்கையைத் தில்லி மருத்துவர் தயக்கமின்றிப் படிக்க முடிவது இத்தகைய பொதுமையின் பயனே. நம் நாட்டில், 1835இல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில், அடுத்த ஆண்டே மதுசூதன் குப்தர் மனித உடலை அறுத்து ஆராய்ந்து, அக்காலத்துத் தடையை உடைத்தார்.

இச்சொற்களைத் தமிழில் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வரலாறு உண்டு. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ் இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று பெயரிட்டு 1872இல் தமிழில் வெளியிட்டார். வேற்று மொழிக்காரர் ஒருவர் நம் மொழியைக் கற்று, நம் உடலை நம் சொற்களால் நமக்கு விளக்கினார். நம் பிள்ளைகளுக்கு நாம் அவ்வளவு செய்ய வேண்டுவதில்லை; வீட்டில் வழங்கும் சொற்களைக் கைவிடாதிருந்தால் போதும்.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

முதலாவது, ஓய்வு நாளொன்றில் பிள்ளைகளை நிற்கவைத்துப் பிடரி, தோள்பட்டை, விலா, அள்ளை, நெஞ்சுக்குழி, தொப்புள், அடிவயிறு, குறுக்கு, கெண்டைக்கால், கணுக்கால் என்று தொட்டுக் காட்டிப் பழக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் வாழும் ஊரின் சொல்லையும் அவர்களிடமிருந்தே கேட்டுக்கொள்ளுங்கள். தொப்புளைக் குறிக்க ‘நாபி’ என்ற சொல் இந்தியிலும் மராத்தியிலும் வங்கத்திலும் விளங்கும். அதனை மையமாக வைத்து “நாபிக்கு மேலே”, “நாபிக்கு வலப்பக்கம் கீழே” என்று சொன்னால் பிழை நேராது.

இரண்டாவது, மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: வலி எங்கே தொடங்கியது, எப்போது, இப்போது எங்கே உள்ளது, விரலால் காட்ட முடிகிறதா அல்லது உள்ளங்கை அளவு பரவியுள்ளதா. உடற்படம் ஒன்றை வரைந்து அதில் புள்ளி வைத்தால் மொழியே தேவையில்லை.

மூன்றாவது, அறுவைக்கு முன் எப்பக்கம் என்பதை நோயாளியும் உறவினரும் உறுதி செய்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்க மருந்து கொடுக்குமுன் நோயாளியின் பெயரும் அறுவையும் இடமும் அவர் வாய்மொழியாலேயே உறுதி செய்யப்பட வேண்டும் என்றும், இடம் வலம் உள்ள உறுப்பாயின் தோலில் குறியிடப்பட வேண்டும் என்றும் விதித்துள்ளது. “இடமா, வலமா?” என்று கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. அவர்களே விரும்பி வகுத்துக்கொண்ட முறை அது.

நான்காவது, ஊரிலிருந்து வரும் முதியோர் ஓரிடம் வலிக்கிறது என்று சொல்லும்போது, அவர்கள் வழங்கும் சொல்லை ‘வயிறு’ என்று சுருக்கிவிடாமல், அச்சொல்லின் இடம் எது என்று கேட்டறியுங்கள். பேரப்பிள்ளையை அருகில் அழைத்து, பாட்டியின் விரலை அவனைப் பார்க்கச் செய்யுங்கள். அன்று அவன் கற்ற சொல், பின்னொரு நாள் மருத்துவமனை வாயிலில் அவளுக்கே உதவக்கூடும்.